வல்வெட்டித்துறை: கப்பல் கட்டிய கரை

2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் தெற்கிலிருந்து வடக்கே வந்தவர்களில் பலர் வல்வெட்டித்துறைக்கும் வந்தனர். அவர்கள் விசாரித்தது ஒரேயொரு வீட்டை. விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் பிறந்து வளர்ந்த குடும்பத்தின் வீடு அது. 2010இல் அந்த வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அதன் பிறகும் சிலர் வந்து, வெறும் நிலத்தைப் படமெடுத்துக்கொண்டு அப்படியே வாகனத்தில் ஏறிப் போயினர். அங்கிருந்து கடற்கரை சில நிமிட நடைதான். இவ்வூரின் நீண்ட வரலாறு கிடப்பது அந்தக் கரையில் என்பதால், முதலில் அங்கே போகுமாறுதான் நான் சொல்வேன்.

போய் நின்றால் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தென்படாது. முருகைக் கற்பார் நீண்டு கிடக்கும் திறந்த கரை. இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்க குடா எதுவும் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, வள்ளங்களில் பொருட்களை இறக்கிக் கரை சேர்த்தார்கள். அத்தகைய கரையில்தான் வங்காள விரிகுடாவைக் கடந்து செல்லும் பாய்க்கப்பல்கள் கட்டப்பட்டன. சோளகக் காற்று வீசும் காலத்தில் பாய்விரித்துப் பர்மாவை நோக்கிப் போவதும், வாடைக்காற்றோடு அரிசி ஏற்றித் திரும்புவதும் இவ்வூரவரின் ஆண்டுக் கணக்கு. தமிழகக் கரையிலுள்ள நாகபட்டினம் அவர்களுக்கு அயலூர் மாதிரி. கப்பலின் தலைவரைத் தண்டையல் என்பர். வானத்து வெள்ளியைப் பார்த்துத் திசை அறிந்த அந்த மனிதர்களில் பெரும்பாலானோர் எழுதிவைத்தது மிகக் குறைவு. நமக்குள்ள பெரிய இழப்பு அதுதான்.

எழுத்தில் நிலைத்த கப்பல் ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டளவில் இக்கரையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’. சுந்தரம் மேத்திரியார் கட்டியது என்பது ஊர் வழங்கும் செய்தி. நீளம் ஏறத்தாழ 89 அடி. வேப்பமரம் கொண்டு இழைத்தது. வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் இக்கப்பலை விலைக்கு வாங்கினார். அவர் சாதாரண வாடிக்கையாளர் அல்லர். ‘ஸ்வாப்’ என்ற சிறு பாய்ப்படகில் 1928இல் புறப்பட்டு 1931இல் உலகைச் சுற்றி முடித்தவர். கப்பலின் தரம் அறிந்த கண் அவருடையது. தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். 1937இல் கொழும்பிலிருந்து புறப்பட்ட கப்பல் சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என நெடும்பயணம் செய்து, 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கனகரத்தினம் தம்பாப்பிள்ளை தண்டையலாக இருக்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதில் சென்றார்கள். குளொஸ்ரரும் மீனவர் நகரந்தான். வேட்டியும் சால்வையும் அறிந்த மனிதர்கள் அந்தக் குளிர்க்கரையில் இறங்கிய காட்சியை எண்ணிப் பார்க்கையில் இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

அதற்குப் பிறகு நான்கே ஆண்டுகள். 1942இல் பர்மா யப்பானியர் வசமானது. அரிசிக் கப்பலோட்டம் அற்றுப்போனது. சுதந்திரத்தின் பின்னர் கடவுச்சீட்டும் சுங்கமும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வந்தன. பாட்டன் ‘வியாபாரம்’ என்று செய்த அதே பயணத்தைப் பேரன் செய்தபோது அதற்குக் ‘கள்ளக்கடத்தல்’ என்று பெயர். இவ்வூரைக் கடத்தல்காரர் ஊர் என்று ஏளனம் செய்து எழுதிய பத்திரிகைகள், கடல் எப்போது எல்லைக்கோடாயிற்று என்பதைக் கேட்டதேயில்லை. பின்னாளில் ஆயுதப் போராட்டம் தோன்றியபோது, அந்தக் கடலறிவே அதற்கும் பயன்பட்டது. அதற்கான விலையை ஊர் செலுத்தியது. 1985 மே மாதத்தில் இராணுவத்தின் கையில் இளைஞர்கள் கொல்லப்பட்டனர். 1989 ஓகஸ்ட் 2 முதல் இந்திய அமைதிப்படையினர் நடத்திய படுகொலையில் மாண்ட பொதுமக்கள் 60க்கும் மேற்பட்டோர். ஒழுங்கைகளில் நடக்கும்போது வயதானவர்களிடம் இதுபற்றித் துருவிக் கேட்கவேண்டாம். அவர்களாகச் சொன்னால் நின்று கேளுங்கள்.

கடலை நீந்தியே வென்றவர்களும் இப்பகுதியில் உண்டு. அயலிலுள்ள தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் மீண்டும் தலைமன்னாருக்குமாக 51 மணித்தியாலங்களில் நீந்தி முடித்தார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது. ரேவடிக் கடற்கரையில் அவர் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது, பார்க்கத் தவறவேண்டாம்.

நாள் பார்த்து வருவோருக்கு இரண்டு நாட்கள். ஒன்று தைப்பொங்கல். வாடைக்காற்றில் உதயசூரியன் கடற்கரையில் பட்டப்போட்டி நடக்கும். கப்பல், விமானம் எனப் பல வடிவங்களில் பட்டங்கள் ஏறும். விண் பூட்டிய பட்டத்தின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இப்போதைய வேலைப்பாடுகள் சற்று அதிகம் என்று தோன்றலாம். ஆனால் கப்பல் கட்டிய கைவன்மை வேறெங்கே போகும்? மற்றது சித்திரைப் பௌர்ணமி. முத்துமாரியம்மனின் தீர்த்தத்தையொட்டி நடக்கும் இந்திர விழாவில் ஊர் முழுவதும் விடியும்வரை ஒளிவெள்ளமாக இருக்கும்.

மற்ற நாட்களில் அதிகாலையில் கரைக்கு வாருங்கள். வள்ளங்கள் கரைதட்டியதும் மீனை ஏலம் கூறுவர். பாடு எப்படி என்று கேட்டால் இந்திய இழுவைப் படகுகளைப் பற்றித்தான் முதலில் பேச்சு வரும். அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அறுந்த வலைகளுக்கு அச்சட்டம் ஈடு தருவதில்லை. ஒரு காலத்தில் அயலூராயிருந்த கரையோடு இப்போது வழக்கு.

வெயில் ஏறுமுன் மேற்கே தொண்டைமானாற்றுக்குப் போய்விடலாம். ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்கள் புறப்படுவது இங்கிருந்துதான். பூசை செய்வோர் பிராமணர் அல்லர். கடலோடிச் சமூகத்தைச் சேர்ந்த மருதர் கதிர்காமரின் வழிவந்தவர்கள். வாயைத் துணியால் கட்டி, மந்திரம் இன்றி மௌனமாகப் பூசை செய்வார்கள். அன்னதானக் கந்தன் என்பது அங்குள்ள முருகனுக்கு வழங்கும் பெயர். ஆகவே மதிய உணவுக்கு வேறிடம் தேடவேண்டியதில்லை. மடத்துப் பந்தியில் அமர்ந்தால் போதும்.