போருக்குப் பின் பிள்ளைகளை வளர்த்தவர்கள்

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். பார்த்தசாரதி கோயிலைப் பற்றியும் பாரதியார் வாழ்ந்த வீட்டைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பெற்றவர்கள் இல்லாமல் போன பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்ற வரலாற்றை எழுதுவோம் என்று எனக்குத் தோன்றியது. மாதாந்திரக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை, வங்கிக் கணக்கு எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில், "அக்கா, என் தங்கச்சி பிள்ளைங்களை என்ன பண்றதுன்னு தெரியலக்கா" என்று யாராவது ஒருத்தி மெதுவாக ஆரம்பிப்பாள். அவளுக்குச் சொல்லும் பதில் இந்த வரலாற்றில் இருக்கிறது.

முதலில் பக்கத்து நாட்டைப் பார்ப்போம். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்தோடு பெரிதான போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இருபத்தாறு வருஷம். ஒரு தலைமுறை முழுக்கப் போரிலேயே பிறந்து, போரிலேயே வளர்ந்தது. ராமேஸ்வரம் கரையில் படகில் வந்து இறங்கியவர்கள் நம் மாநிலத்தின் முகாம்களுக்கு வந்தார்கள். அந்த முகாம்களுக்கு 2021-ல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது.

கடைசி மாதங்களில் வன்னி மக்கள் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தார்கள். எறிகணையில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் உண்டு. கூட்டத்தில் கை நழுவிப் போன பிள்ளைகள் உண்டு. கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. போர் முடிந்ததும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வவுனியாப் பக்கத்து முகாம்களில் அடைபட்டார்கள். அவற்றில் பெரியது செட்டிக்குளம் அருகிலிருந்த மெனிக்பாம். அது 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. படையிலிருந்து மீட்கப்பட்ட 594 பிள்ளைகள் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டு, ஒரு வருஷத்துக்குள் குடும்பங்களிடம் அனுப்பப்பட்டார்கள்.

மற்றப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? சிலரை இல்லங்கள் எடுத்துக்கொண்டன. யாழ்ப்பாணம் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை வளர்த்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி, ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காக துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்தினார். கோயில் வருமானம் பிள்ளைகளின் சோறாகவும் படிப்பாகவும் ஆனது. கிளிநொச்சியில் மகாதேவா ஆச்சிரமத்தின் சிறுவர் இல்லம் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

ஆனால் ஏராளமான பிள்ளைகளை வளர்த்தவர்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அம்மம்மா, அப்பம்மா, சித்தி, பெரியம்மா, மூத்த அக்கா என்ற உறவுப் பெயர்கள்தான் உண்டு. போர் முடிந்த மறு வருஷம், வடக்கிலும் கிழக்கிலும் கணவனை இழந்த பெண்கள் சுமார் 89,000 பேர் என்று அந்நாட்டு அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள். வீடு இடிந்து, ஆடு மாடு போய், தோட்டத்தில் கண்ணிவெடி இருக்குமோ என்ற பயத்தோடு வாழ்ந்த பெண்கள்தான் சொந்தப் பிள்ளையோடு செத்துப்போன அக்காவின் பிள்ளைக்கும் சேர்த்துச் சோறு போட்டார்கள்.

முடியாதவர்கள் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். அநாதை இல்லம் என்று சொல்கிறோம், உள்ளே போய்ப் பார்த்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள்! சில வருஷங்களுக்கு முன் கண் சிகிச்சைக்காகச் சென்னை வந்து, எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கிய கிளிநொச்சி அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "காசில்லாமல்தான் பிள்ளை பேத்தியை இல்லத்தில விட்டனான், பாசமில்லாமல் இல்லை." மாதம் ஒரு சின்னத் தொகை கையில் கிடைத்திருந்தால் அந்தப் பேத்தி அம்மம்மா பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருப்பாள்.

இந்தப் பாடத்தை உலகம் ஏற்கெனவே ஒரு தடவை படித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தபோது ஐரோப்பாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். இன்று நம் அங்கன்வாடி வரைக்கும் பெயர் தெரிந்த யுனிசெஃப், 1946 டிசம்பரில் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கப்பட்டது. வீடிழந்த பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி ஆராய்ந்து சொல்லும்படி உலக சுகாதார நிறுவனம் ஜான் பௌல்பி என்ற மருத்துவரைக் கேட்டது. 1951-ல் வந்த அவர் அறிக்கையின் சாரம், நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்தான்: பிள்ளைக்குச் சோறும் துணியும் மட்டும் போதாது, மாறாமல் கூடவே இருக்கும் ஒரு ஆள் வேண்டும்.

ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் என்பவர் 1949-ல் இம்ஸ்ட் என்ற ஊரில் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமத்தை ஆரம்பித்தார். பெரிய கூடம், வரிசைக் கட்டில் என்று இல்லாமல், சின்னச் சின்ன வீடுகள். வீட்டுக்கு ஒரு அம்மா, அவரிடம் சில பிள்ளைகள், கூடப் பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது. இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? சின்ன வயதிலேயே தாயை இழந்த க்மைனரை வளர்த்தது அவருடைய மூத்த அக்கா.

இனி நம் ஊருக்கு வருவோம். பிள்ளையைக் கைவிட வைப்பது போர் மட்டும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் இங்கே வழக்கமே அதைச் செய்தது. பொம்மை வைத்து விளையாடும் வயதில் கல்யாணம், விவரம் தெரிவதற்குள் விதவை. மயிலாப்பூரில் 1886-ல் பிறந்த சுப்புலட்சுமியும் அப்படிப்பட்ட பிள்ளைதான். ஆனால் அவர் அப்பா அவரைப் படிக்க வைத்தார். நம் கடற்கரைச் சாலையிலுள்ள மாநிலக் கல்லூரியில் 1911-ல் பட்டம் பெற்றார். மறு வருஷம் முதல், தன்னைப் போன்ற இளம் விதவைப் பெண்களைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தார். ஊர் அவரை 'சகோதரி சுப்புலட்சுமி' என்றது.

பிள்ளைகள் பெருகப் பெருக இடம் போதவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் அந்த இல்லம் நம் திருவல்லிக்கேணி ஐஸ் அவுஸுக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடம் அது. விவேகானந்தர் 1897-ல் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோம். அதே கூரையின் கீழ்தான் யாருக்கும் வேண்டாத பெண் பிள்ளைகள் பாடம் படித்து, டீச்சர் ஆகி, சொந்தக் காலில் நின்றார்கள்.

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத ஒரு பெயர், வாலாம்பாள். சுப்புலட்சுமியின் சித்தி. அவரும் இளம் விதவை. சமையல், சாமான், காய்ச்சல், கண்ணீர் என்று அந்தப் பிள்ளைகளின் அன்றாடத்தைத் தூக்கிச் சுமந்தவர் அவர். சகோதரியின் பெயரைச் சொல்லும்போது சித்தியின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, நாடு விடுதலை அடைந்த பிறகு, 1949-ல் தியாகராய நகரில் மஞ்சுபாஷிணி அம்மையார் காமராஜரின் துணையோடு பால மந்திரைத் தொடங்கினார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு அதுவும் தாய் வீடானது.

சுனாமியை நாம் யாரும் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நம் குப்பங்களிலும் கடல் புகுந்தது. நாகப்பட்டினத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வெளியாட்கள் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அரசு அவசரத் தத்துகளைத் தடுத்து, அரசு இல்லத்தைத் திறந்தது. அதுவும் தேவையான வேலைதான். உறவே இல்லாத பிள்ளைக்கும், உறவே ஆபத்தாக இருக்கும் பிள்ளைக்கும் இல்லம் வேண்டும். சித்தி, பாட்டி இருக்கிற பிள்ளைக்கு வேண்டியது, அந்தச் சித்திக்கும் பாட்டிக்கும் ஒரு கைப்பிடி.

அந்தக் கைப்பிடி நம்மிடம் இருக்கிறது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்த மகளிர் குழுக்கள் இன்று தமிழ்நாடு முழுக்க உள்ளன. எங்கள் குழுவில் ஒரு உறுப்பினர், அக்கா இறந்ததும் அவருடைய இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தார். வீடோ ஒற்றை அறை. "ஹாஸ்டல்ல போட்டுடு, உன்னால முடியாது" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். குழுவில் உள்கடன் வாங்கி இட்லி மாவு வியாபாரம் தொடங்கினார். தவணை தவறிய இரண்டு மாதம் நாங்கள் மற்றவர்கள் பங்கு போட்டோம். பெரியவள் இப்போது பிளஸ் டூ. சின்னவன் அவரை 'அம்மா' என்றே கூப்பிடுகிறான்.

அரசு உதவியும் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் தர வேண்டும். கைவிடப்பட்ட குழந்தையைப் பார்த்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரியாமல் குழந்தையை யாரிடமும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பேரனை, பேத்தியை, அக்கா பிள்ளையை, தம்பி பிள்ளையை வளர்க்கும் உறுப்பினர்களின் பெயரை அதில் எழுதுங்கள். பெற்றோரின் இறப்புச் சான்று, பிள்ளையின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். மனு எழுதத் தெரிந்த ஒருவர் அவர்களோடு ஆபீஸ் வரைக்கும் கூடப் போங்கள். தனியாகப் போனால், "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.