பொன்னாச்சியின் குடை

உறையூர் மல்லர் வில்லிதாசரின் மாற்றத்தை வைணவக் குருபரம்பரைக் கதைகள் விரிவாகவே சொல்கின்றன. ஸ்ரீரங்கம் திருவிழாக் கூட்டத்தில், மனைவி பொன்னாச்சியின் கண்களில் வெயில் படாதபடி குடை பிடித்து, அவள் முகத்தையே பார்த்தபடி அவர் நடந்தார். ஊர் சிரித்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை.

வைணவ ஆசாரியர் ராமாநுஜர் சிரிக்கவில்லை, கூப்பிட்டுக் காரணம் கேட்டார். அவள் கண்ணழகுதான் என்றார் மல்லர். அதைவிட அழகான கண்களைக் காட்டினால்? சந்நிதிக்கு அழைத்துப்போய் ஸ்ரீரங்கத்துப் பெருமாளான அரங்கனின் கண்களைக் காட்டினார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

இதில் ராமாநுஜர் பழக்கத்தைப் பழிக்கவுமில்லை, அடக்கச் சொல்லவுமில்லை. உற்றுப் பார்க்கும் குணம் அப்படியே இருக்க, பார்க்கும் பொருள்தான் மாறியது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜட்சன் புரூவர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு வெகு தூரமில்லை: புகைக்கும் ஆசையோடு மல்லுக்கட்டாமல் அதைக் கவனித்துப் பழகியவர்களே, வழக்கமான பயிற்சி பெற்றவர்களைவிட அதிகம் பேர் புகையை விட்டார்கள்.

பிறகு வில்லிதாசர் தம்பதி ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார்கள். காவிரியில் நீராடித் திரும்பும்போது ராமாநுஜர் வில்லிதாசரின் கையைப் பிடித்துக்கொண்டே வருவார். சாதி பார்த்த சீடர்கள் முணுமுணுத்தார்கள்; ராமாநுஜர் கையை விடவில்லை.