பராமரிப்பவர்களின் வானம்

1996 செப்டம்பர் 30. பூமிக்கு மேலே பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தொலைநோக்கியின் எரிபொருளை வெளியேற்றினார்கள். பேட்டரியை வடியவிட்டார்கள். கடைசியாக டிரான்ஸ்மிட்டரையும் அணைத்தார்கள். மூன்று ஆண்டு உழைத்தால் போதும், ஐந்து ஆண்டு ஓடினால் அதிர்ஷ்டம் என்று கட்டப்பட்டது அது. பதினெட்டரை ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அணைத்த அன்றும் அது செத்துப்போயிருக்கவில்லை. தொடர்ந்து இயக்கப் பணம் ஒதுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அதன் பெயர் இன்டர்நேஷனல் அல்ட்ராவயலட் எக்ஸ்ப்ளோரர், சுருக்கமாக ஐ.யூ.இ. ஹபிள் பற்றிக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட இரண்டு வரி சொல்லும். ஐ.யூ.இ. என்றால் விண்வெளி ஆர்வலர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். வால்பேப்பராக வைத்துக்கொள்ளும்படி அது ஒரு படம்கூடத் தரவில்லை என்பது ஒரு காரணம். அது எடுத்ததெல்லாம் நிறமாலைகள். ஒளியைப் பிரித்து, எந்த அலைநீளத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று காட்டும் கோணல்மாணலான கோடுகள். அழகில்லைதான். ஆனால் ஒரு நட்சத்திரம் எவ்வளவு சூடு, எந்தத் தனிமங்களால் ஆனது, அதிலிருந்து வாயு எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதையெல்லாம் அந்தக் கோடுகள்தான் சொல்லும்.

அதிலும் இது புறஊதா ஒளி. 115 முதல் 320 நானோமீட்டர் வரையிலான இந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியை நம் வளிமண்டலம் தரைக்கு விடுவதில்லை. ஓசோன் நம் தோலைக் காப்பாற்றுகிறது, வானியலாளர்களின் கண்ணைக் கட்டிவிடுகிறது. மிகச் சூடான நட்சத்திரங்களும் குவாசர்களும் கொட்டும் புறஊதா ஒளியைப் பார்க்க மேலே போயே ஆக வேண்டும்.

1964இலேயே இதற்கான யோசனையை முன்வைத்தவர் பிரிட்டிஷ் வானியலாளர் ராபர்ட் வில்சன். ஐரோப்பிய விண்வெளி ஆய்வு அமைப்புக்காக வரைந்த பெரிய திட்டம் செலவு அதிகம் என்று கைவிடப்பட்டது. வில்சன் விடவில்லை. திட்டத்தைச் சுருக்கினார், எளிமையாக்கினார். அதுவும் ஐரோப்பாவில் நிராகரிக்கப்பட, வரைபடத்தை நாசாவிடம் கொண்டுபோனார். கடைசியில் நாசா, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், பிரிட்டன் மூன்றும் சேர்ந்து செய்தன. 1978 ஜனவரி 26 அன்று ஏவப்பட்ட செயற்கைக்கோளில் இருந்த தொலைநோக்கியின் விட்டம் வெறும் 45 சென்டிமீட்டர்.

கண்ணாடி சின்னது, வடிவமைப்பு கெட்டிக்காரத்தனமானது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகும் நீள்வட்டப் பாதையில் அதை நிறுத்தினார்கள். அதனால் தரைக்கட்டுப்பாட்டோடு எப்போதும் தொடர்பு இருந்தது. தினமும் 16 மணி நேரம் அமெரிக்காவின் கோடார்ட் மையம் இயக்கும். மீதி 8 மணி நேரம் ஸ்பெயினில் மாட்ரிட் அருகே இருந்த வில்லாஃபிராங்கா நிலையம் இயக்கும். நேரம் கிடைத்த வானியலாளர் நேரே வந்து, கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். திரையில் தெரியும் நட்சத்திரங்களைத் தன் கையிலிருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டு, 'இதுதான்' என்று காட்டுவார். ஒளியைச் சேகரித்து முடித்ததும் நிறமாலை கொஞ்ச நேரத்தில் திரைக்கு வந்துவிடும். போதவில்லையா, அடுத்த முறை கூடுதல் நேரம் கொடுக்கலாம். விண்வெளித் தொலைநோக்கி என்பது கருவியைக் கட்டிய குழுவின் தனிச்சொத்து போல இருந்த காலத்தில், வெளியாட்கள் வந்து உட்காரும் ஆய்வகமாக இது இருந்தது.

இப்போது என் துறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. விண்வெளியில் ஒரு தொலைநோக்கி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று அறிய கைரோஸ்கோப் வேண்டும். மூன்று அச்சுகள், ஆகவே குறைந்தது மூன்று கைரோ. ஐ.யூ.இ.யில் ஆறு வைத்திருந்தார்கள். 1979இல் ஒன்று போனது. 1982இல் இரண்டு போயின. மிச்சம் மூன்று. இன்னொன்று போனால் கதை முடிந்தது.

அந்த இன்னொன்று போகும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தொலைநோக்கி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, இரண்டே கைரோவில் அதை எப்படி நிறுத்தி வைப்பது என்று வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். செயற்கைக்கோளில் சூரியன் இருக்கும் திசையைக் காட்டும் ஓர் உணரி இருந்தது. இல்லாத மூன்றாவது கைரோவின் வேலையை அந்த உணரியின் தகவலை வைத்துச் சமாளிக்கலாம் என்பது யோசனை. திசைக் கட்டுப்பாடு உள்ளேயிருந்த கணினியில் மென்பொருளாக ஓடியதால்தான் இது சாத்தியம். சில ஆயிரம் சொற்கள் மட்டுமே கொள்ளும் நினைவகம். நம் கையிலுள்ள போனில் ஓர் ஐகானுக்குக்கூடப் பத்தாது. அதற்குள் அடங்குகிற மாதிரி புது நிரலை எழுத வேண்டும். டெஸ்ட் செய்ய இன்னொரு செயற்கைக்கோள் மேலே கிடையாது.

1985 ஆகஸ்ட் 17 அன்று நான்காவது கைரோ நின்றது. புது நிரலை மேலே அனுப்பினார்கள். சில வாரங்களில் தொலைநோக்கி வேலைக்குத் திரும்பியது. இரண்டு கைரோவில் அது பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. இதற்கு நடுவிலேயே ஒற்றைக் கைரோவுக்கான திட்டத்தையும் தயார் செய்து வைத்தார்கள். 1996இல் ஐந்தாவதும் போனபோது அதுவும் கைகொடுத்தது.

இந்த வேலைக்கு என்ன மதிப்பு? 1987 பிப்ரவரி 24ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை சிலியின் லாஸ் காம்பனாஸ் மலையிலிருந்து இயன் ஷெல்டன் கண்டார். வெறும் கண்ணுக்குத் தெரிந்த சூப்பர்நோவா. அப்படியொன்று வந்து முந்நூற்றுச் சொச்சம் வருடம் ஆகியிருந்தது. சேலஞ்சர் விபத்துக்குப் பின் ஹபிள் இன்னும் தரையிலேயே கிடந்தது. ஐ.யூ.இ. சில மணி நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது.

புறஊதா ஒளி சில நாட்களில் மங்கிவிட்டது. தாமதித்திருந்தால் தவறிப்போயிருக்கும். அது மங்கியதும், அந்த இடத்தில் மிச்சமிருந்த நட்சத்திரங்களின் வெளிச்சம் தெரிந்தது. வெடித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட நட்சத்திரம் அப்படியே இருப்பது போலத்தான் முதலில் தோன்றியது. நிறமாலையை நிதானமாகப் பிரித்துப் பார்த்தபோது, தெரிந்தவை அதன் அண்டை நட்சத்திரங்கள் இரண்டு மட்டும் என்று புரிந்தது. சந்தேகிக்கப்பட்டதுதான் வெடித்திருக்கிறது, அதுவும் ஒரு நீலப் பெருவிண்மீன். சிவப்புப் பெருவிண்மீன்தான் இப்படி வெடிக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்தது குவாசர்களின் சின்னத் தம்பி போன்ற என்.ஜி.சி. 5548 என்ற விண்மீன் மண்டலம். அதன் நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றி வாயு மேகங்கள் வேகமாகச் சுழல்கின்றன. 1988 டிசம்பர் முதல் எட்டு மாதம், நான்கு நாளுக்கு ஒருமுறை ஐ.யூ.இ. அதையே பார்த்தது. நடுவே வெளிச்சம் கூடினால், சில நாட்கள் கழித்து மேகங்களும் பளிச்சிடும். கிணற்றுக்குள் கத்திவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பது போல. அந்தத் தாமதத்தை வைத்து மேகங்களின் தூரத்தைக் கணித்தார்கள். சில ஒளிநாட்கள் முதல் சில ஒளிவாரங்கள் வரைதான். எதிர்பார்த்ததைவிட மிக நெருக்கம். எந்தத் தொலைநோக்கியாலும் நேரடியாகப் பிரித்துப் பார்க்க முடியாத இடத்தை, பொறுமையாலும் சீரான இடைவெளியாலும் அளந்தார்கள்.

ஐ.யூ.இ. மொத்தம் 1 லட்சத்து 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறமாலைகளை எடுத்தது. கடைசி ஆண்டுகளில் அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. 1978இல் எடுத்ததும் 1995இல் எடுத்ததும் ஒரே அளவுகோலில் ஒப்பிடும்படி, பழைய தரவு முழுவதையும் ஒரே முறையில் மறுபடி பதப்படுத்தினார்கள். யாருக்கும் புகழ் தராத வேலை. இன்று ஓர் ஆராய்ச்சி மாணவி இந்த நட்சத்திரம் நாற்பது வருடத்துக்கு முன் எப்படி இருந்தது என்று கேட்டால், பதில் அந்தக் காப்பகத்தில் இருக்கிறது. இலவசமாக.

புதிதாக ஏவுவதற்குக் கேமராக்கள் வரும், கவுன்ட்டவுன் வரும். ஓடுவதை ஓடவைப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு பட்ஜெட்டே நிச்சயமில்லை; ஐ.யூ.இ. முடிந்ததும் அப்படித்தான். ஆனால் 1982க்குப் பிறகு அந்த இரண்டு கைரோ நிரலை எழுத உட்கார்ந்தவர்களுக்கு ஐந்து வருடத்தில் ஒரு நட்சத்திரம் வெடிக்கப்போவது தெரியாது. கைரோ கெடும் என்பது மட்டும்தான் தெரியும். அதற்குத் தயாராக இருந்தார்கள். நட்சத்திரம் வெடித்தபோது பார்க்க ஒரு கண் மேலே திறந்திருந்தது.