ஆங்கிலம் கற்க மதரஸா பாடமும் கைகொடுக்கும்

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மில் வேலை, தறி வேலை, சிறு கடை என்று உழைக்கும் பல குடும்பங்கள் வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலவழிப் பள்ளிக் கட்டணம் கட்டுகின்றன. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலப் பாடத்தை மளமளவென்று வாசிக்கும். பொருள் கேட்டால் விழிக்கும். இது பிள்ளையின் அறிவுக் குறைவல்ல. வீட்டில் கேட்டறியாத மொழியை மனப்பாடமாகவே ஊட்டுவதன் விளைவு.

பள்ளியில் ஆங்கிலம்

தமிழ்நாட்டில் 1968 முதல் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கை நடப்பில் உள்ளது. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தொடக்க வகுப்புகளில் தமிழ், கணக்குடன் ஆங்கிலத்தையும் பாடல், கதை, செயல்பாடு வழியே கற்பிக்கிறது. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது.

எழுத்தும் ஒலியும்

தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் சுமார் 44 ஒலிகளைச் சுமக்கின்றன. எழுத்தின் பெயரை மட்டும் படித்த பிள்ளைக்கு 'சி, ஏ, டி' எப்படி 'கேட்' ஆகிறது என்று புரியாது. ஒலியை முதலில் சொல்லிக்கொடுத்துப் பிறகு கூட்டி வாசிக்க வைப்பதே 'ஃபோனிக்ஸ்' முறை.

நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. மதரஸாவில் எழுத்து, அதற்கு ஜபர், ஜேர், பேஷ் வந்தால் எழும் ஒலி, பிறகு கூட்டி ஓதுதல் என்றுதானே உஸ்தாத் கற்பிக்கிறார்? மக்ரஜ் சரியாகப் பழகிய பிள்ளைக்கு 'பா'வும் 'ஃபா'வும் வேறு, 'ஸீன்' வேறு, 'ஷீன்' வேறு என்று தெரியும். புள்ளியுள்ள 'தால்' எழுத்துக்கு நாக்கு நுனியை முன்பற்களின் நுனியில் வைக்கிறோம். 'மதர்', 'ஃபாதர்' என்று சொல்லவும் அதே இடம்தான். அரபியில் இல்லாத 'ப', 'வ' ஒலிகளைத் தமிழ் கொடுத்துவிடுகிறது.

பொருள் முக்கியம்

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. குர்ஆனைப் பொருள் தெரியாமல் ஓதினாலும் எழுத்துக்கு எழுத்து நன்மை உண்டு. ஆங்கிலப் பாடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. புரியாமல் படித்தது தேர்வோடு போய்விடும். புரிதலுக்குத் தாய்மொழியே துணை. தாய்மொழி வழிக் கல்வியை யுனெஸ்கோ 1953இலேயே வலியுறுத்தியது. வீட்டில் பேசுவது தமிழோ, உருதுவோ, அதைக் குறைத்துக்கொள்வதால் ஆங்கிலம் வளர்ந்துவிடாது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

* ஆங்கிலம் தெரியாத அத்தாவும் அம்மாவும்கூட, "இன்று படித்த பாடத்தை நம் மொழியில் கதையாகச் சொல்" என்று கேட்கலாம். சொல்லத் தெரிந்தால் புரிந்திருக்கிறது.
* தினமும் மூன்று புதிய சொற்கள் போதும். ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் சொல்லச் செய்யுங்கள்.
* தவறாகப் பேசினால் கேலி செய்யாதீர்கள். கூச்சம் வந்தால் பேச்சு நின்றுவிடும்.
* பள்ளிக்குச் செல்லும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல், "புரிந்து வாசிக்கிறதா?" என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள்.

யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அவர் அரை மாதத்திற்குள் கற்று, நபியவர்களுக்காகக் கடிதங்களை எழுதவும் வாசித்துக் காட்டவும் செய்தார் என்று திர்மிதியில் காண்கிறோம். பிறமொழி கற்பது மார்க்கத்துக்கு அந்நியமல்ல. அவர் கற்றது பயன்படுத்துவதற்காக. நம் பிள்ளைகளும் அப்படியே கற்க அல்லாஹ் அருள்புரிவானாக.