பிராட்வே இசை நாடகங்களில் குடியேறியோர் வாழ்வு

பிறநாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறியவர்களின் வாழ்க்கை, நியூயார்க்கின் இசை நாடக மேடையில் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக இடம்பெற்றுவருகிறது. அந்த மேடையை வளர்த்தவர்களில் பலர் குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே. ஆயினும், தொடக்கத்தில் மேடைக்கு வந்த குடியேறியவர் பெரும்பாலும் சிரிப்புக்குரிய பாத்திரமாகவே இருந்தார். தம் கதையைத் தாமே எழுதி, தாமே நடிக்கும் நிலையை அவர்கள் எட்ட நெடுங்காலம் ஆயிற்று.

தொடக்க காலம்

1879இல் அரங்கேறிய ‘தி மல்லிகன் கார்ட் பால்’ முன்னோடிகளுள் ஒன்று. எட்வர்ட் ஹாரிகன் எழுத, டேவிட் பிரஹாம் இசையமைத்தார். ஐரிஷ்காரர், ஜெர்மானியர், கறுப்பினத்தவர் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களை ஹாரிகன் அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் கறுப்பினப் பாத்திரங்களில் முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்களே தோன்றினர்.

1876இல் ருமேனியாவின் யாஷ் நகரில் ஆபிரகாம் கோல்ட்ஃபேடன் தொடங்கிய, யூதர்களின் இத்திஷ் மொழி நாடகத்துக்கு 1883இல் ரஷ்யப் பேரரசு தன் எல்லைக்குள் தடை விதித்தது. நடிகர்கள் பலர் கடல் கடந்தனர். மன்ஹாட்டனின் செகண்ட் அவென்யூ அவர்களின் புதிய கலைவீதியானது.

1924இன் குடிவரவுச் சட்டம் கிழக்கு, தென் ஐரோப்பியரின் வருகையை வெகுவாகக் குறைத்தது. ஆசியருக்கு ஏறக்குறைய கதவை அடைத்தது. ஐந்து வயதில் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த இர்விங் பெர்லின், ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்த ஜார்ஜ் கெர்ஷ்வின் போன்றவர்கள் பிராட்வேயின் இசையையே வடிவமைத்த காலம் அது. ஆனாலும் அன்றைய பிராட்வே நாயகர்களுள் யூதர்கள் அரிது.

1957–1964: மூன்று திருப்பங்கள்

‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ 1957 செப்டம்பர் 26 அன்று அரங்கேறியது. யூதர்–கத்தோலிக்கர் காதலாக 1949இல் ஜெரோம் ராபின்ஸ் எண்ணிய கதை, பின்னர் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் கதையாக மாறியது. போர்ட்டோ ரிக்கர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள்; நாடகத்திலோ அவர்கள் அந்நியராகவே நடத்தப்படுகிறார்கள். அவர்களை எதிர்க்கும் ஜெட்ஸ் கும்பலில் இருந்த நாயகன் டோனியும் போலந்து வம்சாவளியினன்தான். முன்னால் வந்தவன் பின்னால் வந்தவனை விரட்டும் கொடுமையை நாடகம் இவ்வாறு அம்பலப்படுத்துகிறது. ஆனால் இதைப் படைத்த நால்வரும் யூத வம்சாவளியினர். போர்ட்டோ ரிக்கோவை இழித்துப் பாடுவதாக ‘அமெரிக்கா’ பாடல் கண்டனத்துக்குள்ளானது. மேடையில் பெண்களுக்கிடையே நிகழும் அந்த விவாதம், 1961இன் திரைப்படத்தில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையிலான வாக்குவாதமாக மாற்றப்பட்டது. வந்த இடத்தின் வசதியைப் பெண்கள் புகழப் புகழ, அங்கே தங்களுக்கு நேரும் அவமதிப்பை ஆண்கள் எடுத்துச்சொல்கிறார்கள். பாடலின் கூர்மை இதனால் கூடியது.

ரோஜர்ஸ், ஹாமர்ஸ்டீன் இணையரின் ‘ஃபிளவர் டிரம் சாங்’ (1958) சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பைக் களமாகக் கொண்டது. சி. ஒய். லீயின் நாவலே இதன் மூலம். ஆசிய வம்சாவளி நடிகர்கள் பலர் ஒரே மேடையில் நின்றது அன்று புதுமை. எனினும் பாத்திரங்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரிகளாகவே இருந்தன என்ற குறை நீடித்தது. 2002இல் பிராட்வேக்கு வந்த மறுஆக்கத்துக்கு டேவிட் ஹென்றி ஹ்வாங் வசனத்தைப் புதிதாக எழுதினார்.

‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ (1964) பயணத்தின் மறுமுனையைக் காட்டியது. ஷோலம் அலைக்கெமின் கதைகளைத் தழுவிய இந்நாடகம் ரஷ்யப் பேரரசில் யூதர்கள் வாழும் அனடெவ்கா என்னும் சிற்றூரில் தொடங்கி, ஊரார் விரட்டப்படுவதோடு முடிகிறது. முதல் தயாரிப்பு 3,242 முறை நிகழ்த்தப்பட்டது.

குடியேறிய பின்

அனடெவ்காவை விட்டவர்கள் போய்ச் சேர்ந்த நகரத்தை, ‘ஃபிட்லர்’ நாடகத்தின் வசனகர்த்தா ஜோசஃப் ஸ்டைன் ‘ராக்ஸ்’ (1986) நாடகத்தில் எழுதினார். அது நான்கே காட்சிகளில் நின்றுபோனது. 1998இல் பிராட்வேக்கு வந்த ‘ராக்டைம்’ இக்கருவை வெற்றியோடு கையாண்டது. அதில் டாட்டே என்ற லாட்விய யூதர் தெருவில் நிழலுருவங்கள் வெட்டி விற்றுப் பிழைக்கிறார். அழும் மகளைத் தேற்ற, விரல்விட்டுப் புரட்டினால் படம் அசையும் சிறு புத்தகம் ஒன்றைச் செய்கிறார். அதுவே அவரைத் திரைப்பட இயக்குநராக்குகிறது.

வடிவத்தின் வலிமை

புதிய மொழியில் பேசத் திணறும் ஒருவர் உரையாடலில் குறைபட்டவராகத் தோன்றிவிடக்கூடும். பாட்டோ அவருடைய உள்மனத்தின் மொழி. அங்கே அவர் தடுமாறுவதில்லை. குழுப்பாடல், ஒரே சமூகத்தின் முரண்பட்ட குரல்களை ஒரே வேளையில் கேட்கச் செய்கிறது. குடியேறியோர் கதைக்கு இசை நாடகம் பொருந்திவந்ததற்கு இவ்விரண்டுமே முதன்மைக் காரணங்கள்.

தம் கதை, தம் குரல்

2008இல் லின்-மேனுவல் மிராண்டாவின் ‘இன் தி ஹைட்ஸ்’ பிராட்வேயை எட்டியது. வசனம் கியாரா அலெக்ரியா ஹூடெஸ். இருவரும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் கடை நடத்தும் நாயகனின் பெயர் உஸ்னாவி. அமெரிக்காவுக்கு வந்த பெற்றோர் ஒரு கப்பலில் கண்ட ‘யுஎஸ் நேவி’ என்ற எழுத்துகளைக் கூட்டி வைத்த பெயர் அது. சால்சாவும் ஹிப்-ஹாப்பும் கலந்த இந்நாடகம் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது. மிராண்டாவின் ‘ஹாமில்டன்’ (2015), கரீபியத் தீவிலிருந்து வந்து, அமெரிக்காவை நிறுவியவர்களுள் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனை நாயகனாக்கி, நாட்டின் தோற்றக் கதையையே குடியேறியவரின் கதையாகச் சொன்னது.

2025இல் பிராட்வேக்கு வந்த ‘ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்’, லாஸ் ஏஞ்சலிஸின் தையற்கூடம் ஒன்றில் உழைக்கும் லத்தீன் அமெரிக்கப் பெண்களைப் பற்றியது. அதன் மூல நாடகத்தை எழுதிய ஹோசஃபினா லோபஸ், குடியேற்ற ஆவணங்கள் இன்றி அந்நாட்டில் வளர்ந்தவர். பிறர் எழுதிய பாத்திரமாக மேடையேறியவர்கள் இன்று ஆசிரியர்களாக நிற்கிறார்கள்; இக்கலை வடிவம் கண்ட மாற்றங்களுள் இதுவே மிகப் பெரியது.