மயிலுக்குப் போர்வை தந்தவன் மனைவி

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அறியும். அவன் மனைவி கண்ணகியை எத்தனை பேர் அறிவோம்? சிலப்பதிகாரக் கண்ணகியைச் சொல்லவில்லை. இவள் பழநி மலைப் பக்கத்தை ஆண்ட அந்த வள்ளல், வேறொருத்தியை நாடிப்போய்க் கைவிட்ட பெண்.

1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அச்சிட்ட புறநானூற்றில், 143 முதல் 147 வரை ஐந்து பாடல்கள் இவள் பொருட்டுப் பாடப்பட்டவை. பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்ற நால்வர். பொன்னுக்கும் பொருளுக்கும் பாடுகிற புலவர்கள், அவளுடைய வாழ்வைப் பரிசிலாகக் கேட்டார்கள்!

என் நெஞ்சில் தைப்பது பரணர் காட்டும் ஒரு காட்சி. “நீ பேகனுக்கு உறவா?” என்று அவளைக் கேட்கிறார்கள். அவள் விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, உறவில்லை என்கிறாள். அதோடு நின்றாளா? தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, அவன் நாள்தோறும் நல்லூருக்குத் தேரில் வருகிறானாம் என்கிறாள். அப்போதும் புகழுடையவன் என்று சொல்லித்தான் அவன் பெயரைச் சொல்கிறாள்.

வாய் உறவை அறுத்துவிட்டது; மனம் இன்னும் அந்தத் தேரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கொடியவன் என்று ஊர் தூற்றுகிறவனை வெறுப்பது எளிது. நாடே கொண்டாடுகிறவன் இழைத்த துன்பத்தை யாரிடம் போய்ச் சொல்வது? மயில் குளிரில் நடுங்கும் என்று இரங்கியவன் தன்னிடம் இரங்கவில்லையென்றால், ‘குறை நம்மிடந்தானோ?’ என்றல்லவா தோன்றும்?

அறுந்ததை என்ன செய்வது என்பதை, ஆரணிப் பட்டு நெய்யும் கண்ணமங்கலத்துத் தறிகளில் காணலாம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி முனைகளைத் தேடி முடிச்சுப் போடுகிறார். முனைகள் எட்டாவிட்டால், வேறு நூல் ஒன்றை இடையில் சேர்த்து முடிந்து, மேலே நெய்கிறார்.

புலவர் நால்வரும் பழைய முனையையே பிடித்திழுத்தார்கள். எண்ணெய் காணாத அவள் கூந்தலைக் கழுவிப் புது மலர் சூட்ட வேண்டும் என்கிறார் பெருங்குன்றூர் கிழார். அதற்கும் பேகன் திரும்ப வேண்டுமாம்! ஐந்து பாடல்களில் எதிலும் தேர் திரும்பியதாக ஒரு சொல் இல்லை.

தலை வாரிப் பூ வைத்துக்கொள்ள ஒருவன் தேர் எதற்கு? வழியைப் பார்ப்பதை விட்டு எழுந்தால் போதும். அதற்குப் பிறகும் சில நாள் கண்ணீர் வரும். வரட்டும், துடைத்துக்கொள்ள விரல் இருக்கிறது.