தண்ணீரை அளந்தோம், மீனை?

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டிப் போனால் காவிரிக்கரையில் பிலிகுண்டுலு. சின்ன இடம்தான். ஆனால் ஜூன் பிறந்துவிட்டால் பத்திரிகையில் அதன் பெயர் அடிக்கடி வரும். கர்நாடகம் விடும் தண்ணீரை மத்திய நீர் ஆணையம் இங்கேதான் அளக்கிறது. 2007-ல் நடுவர் மன்றம் 192 டி.எம்.சி. என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. புள்ளி வைத்துத் தண்ணீரை அளக்கிற இந்த ஆற்றில், மீன் எங்கே வாழ்கிறது, எங்கே முட்டையிடுகிறது என்று யாராவது கணக்கெடுத்தார்களா? தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

காவிரி எப்போதோ கட்டப்பட்ட ஆறாகிவிட்டது. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் அணைகள் கட்டினார். கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் மீனுக்கு அதுவே முதல் தடை. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1873-ல் வெளிவந்த தன் அறிக்கையில், அணைக்கட்டுகள் மீன்களின் வழியை மறிப்பதைப் பற்றி எழுதினார். 1934-ல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளம் வரும் காலமும் அளவும் மாறின. காவிரியில் உல்லம் அருகிப்போனது. அணையில் தேங்கிய நீரில் வடக்கேயிருந்து கொண்டுவந்த கட்லா, ரோகு நன்றாக வளர்ந்தன. மீன்பிடிப்புக் கணக்கு ஏறியதே தவிர, மீன் மாறிவிட்டது.

ஓடுகிற தண்ணீரை நம்பும் மீன்களில் பெரியது மகசீர். ஒளிய ஆழமான மடு வேண்டும்; முட்டையிடக் கூழாங்கல் மீது பாயும் நீர் வேண்டும். 1946-ல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு. மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு மேலே, ஒகேனக்கல் தொடங்கி மேகதாது தாண்டியும் இப்படிப்பட்ட மடுவும் பாறையும் உண்டு.

இங்கே மீன் கணக்கை எழுதி வைத்தவர்கள், ஆச்சரியமாக, தூண்டில் பொழுதுபோக்காளர்கள். கர்நாடகப் பக்கம் கலிபோர் முகாமில் மீனைப் பிடித்து, எடை பார்த்து, ஆற்றிலேயே விடுவார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை வைத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. லோனாவ்லா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீரை முன்பு காவிரியில் விட்டிருந்தார்கள். அது பெருகியது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் குறைந்தது. கிடைத்தவற்றின் சராசரி எடையோ கூடியது. இது நல்ல செய்தி அல்ல. கிழடுகள் மட்டும் மிஞ்சி, குஞ்சுகள் வரவில்லை என்று அர்த்தம்.

உலகம் முழுக்கப் பேர்பெற்ற இந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் 2018-ல்தான் உறுதியானது: டோர் ரெமாதேவியை. சென்னையில் பணியாற்றிய விலங்கியல் அறிஞர் ரெமா தேவியைச் சிறப்பித்து, அமராவதியின் துணையான பாம்பாற்று மீனுக்கு 2007-ல் வைத்த பெயர் அது. மோயாற்றில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு, திமில் மகசீரும் அதுவும் ஒன்றே என்று கண்டார்கள். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற பட்டியலிலும் அது சேர்ந்தது. பெயரும் அபாயமும் ஒன்றாக வந்தன.

இப்போது மேகதாதுவில் 67 டி.எம்.சி. அணை பற்றிப் பேச்சு. நம் தரப்பில் தண்ணீர் குறையும் என்கிறோம். அவர்கள் குடிநீர் என்கிறார்கள். கலிபோர் அதற்கு மேலே இருக்கிறது. அணை வந்தால் அங்கே ஓடும் நீர் தேங்கும் நீராகும். கீழே நம் மடுக்களுக்கு வரும் வெள்ளமும் மதகின் கணக்குப்படிதான் வரும்.

அதற்கு முன் ஒன்று செய்யலாம். பரிசல்காரர்களையும் மீனவர்களையும் கூடவைத்துக்கொண்டு, எந்த மடு எவ்வளவு ஆழம், எங்கே கூழாங்கல், கோடையில் எங்கே நீர் நிற்கிறது, குஞ்சுகள் எங்கே தென்படுகின்றன என்று பிலிகுண்டுலுவிலிருந்து ஒகேனக்கல் வரை ஒரு படம் வரையலாம். தண்ணீரைத் தினமும் அளக்க அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். இதையும் சேர்த்துச் செய்வது பெரிய செலவல்ல.